ராகினி கல்யாணத்துக் கூடாரம்

சுங்கை கெரிஸ் தோட்டத்தில் ராகினியின் கல்யாணத்துக்குப் போட்ட கூடாரம், கால்களைக் கழற்றிய பிறகும் கீழே இறங்கவில்லை. 2022ஆம் ஆண்டு ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இது நடந்தது. கூடாரக்காரர் கைருதீனின் ஆட்கள் வழக்கம்போல் முதலில் கயிறுகளை அவிழ்த்தார்கள், பிறகு இரும்புக் கால்களை உருவி லாரியில் ஏற்றினார்கள், கடைசியில் துணியை மடிக்கலாம் என்று திரும்பினால் துணி இருந்த உயரத்திலேயே இருந்தது. மஞ்சளும் வெள்ளையும் கோடு போட்ட பெரிய கூடாரம் அது, ஓரமெல்லாம் சிவப்புக் குஞ்சம். குஞ்சம் பச்சை என்று சொல்கிறவர்களும் உண்டு. வெயிலில் நிறம் வெளுத்துவிட்டதால் இன்று பார்த்துத் தீர்மானிக்க முடியாது. ஆட்கள் குஞ்சத்தைப் பிடித்து இழுத்தார்கள். கூடாரம் மரியாதைக்குக் கொஞ்சம் இறங்கி, கையை விட்டதும் பழைய இடத்துக்குப் போய்விட்டது. காலையில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கைருதீன் ஜாசினில் இருக்கும் தன் கடைக்குப் போனார். காலையிலும் அது அங்கேயே இருந்தது.

நியாலாஸிலிருந்து செம்பனை மரங்களுக்குள் திரும்பும் சாலையில் போனால் தோட்டம் வரும். எதிரெதிராக இரண்டு வரிசை லயத்து வீடுகள், நடுவில் ஒரே சாலை, சாலையின் கோடியில் மாரியம்மன் கோயில். லயத்து வீடுகளுக்கு நடுவிலுள்ள சுவர்கள் கூரைவரை எட்டுவதில்லை. முதல் வீட்டில் தும்மினால் நான்காம் வீட்டிலிருந்து நூறு வயசு என்று வாழ்த்து வரும். எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் கூடாரம் நடுச்சாலையில்தான். இரண்டு பக்க வீட்டுத் தூண்களிலும் கயிறு கட்டுவார்கள், எந்த வீடும் விடுபடக் கூடாது. ஒரு வீட்டுத் தூணில் கயிறு கட்டாமல் விட்டால் அந்த வீட்டுக்காரர் ஆறு மாதம் பேசமாட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின வருஷம் தோட்டத்தை மலாக்கா நகரத்தில் இருக்கும் ஒரு மேம்பாட்டு நிறுவனம் வாங்கியிருந்தது. லயங்களை இடித்துவிட்டு முந்நூறு இரட்டை மாடி வீடுகள், சுற்றிலும் வேலி, வாசலில் காவலர் கூண்டு, நடுவில் செயற்கை ஏரி என்று படம் போட்ட பலகையைக்கூட நட்டுவிட்டார்கள். பலகையில் ஏரிக்கரையில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் நாயோடு நடந்துகொண்டிருந்தது. தோட்டத்து மக்களுக்கு அடுக்குமாடியில் வீடு தருவதாகச் சொல்லிக் குலுக்கல் நடத்தினார்கள். ராகினியின் அம்மா கமலவேணிக்கு ஒரு கட்டடத்தில் ஒன்பதாவது மாடி விழுந்தது. எதிர்வீட்டுத் தங்கையாவுக்கு, அவர்தான் கோயில் தலைவர், வேறொரு தாமான் குடியிருப்பில் முதல் மாடி. மற்றவர்களும் இப்படித்தான் சிதறினார்கள். கமலவேணி சமையல்காரர், கணவரை இழந்தவர், முறையிடப் பெரிய வார்த்தைகள் தெரியாதவர். நிறுவனத்திலிருந்து வந்த பையனிடம் அவர் கேட்டது ஒன்றுதான்.

"மொளகா தீந்து போச்சுன்னா இங்க செவுத்துக்கு மேல கைய நீட்டுவேன் தம்பி. ஒம்பதாவது மாடியில யாருகிட்ட நீட்டுறது? காக்காகிட்டயா?"

பையன் அதைக் குறித்துக்கொண்டு போனான். பதில் வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அந்தத் தோட்டத்தில் நல்ல காரியம் எதுவானாலும் முதல் அழைப்புத் தட்டு தோட்டத்து முதலாளிக்குப் போகும். வெள்ளைக்காரத் துரை இருந்தபோது தட்டு பங்களாவுக்குப் போனது. அவர் குங்குமத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மூக்கில் வைத்துக்கொள்வார். துரைக்குப் பிறகு மேனேஜர், மேனேஜருக்குப் பிறகு கம்பெனி. தட்டை எடுத்துக் குங்குமம் இட்டுக்கொண்டவர் கூடாரத்துக்கு வந்து கை நனைத்தாக வேண்டும், அதுவும் அவரே வர வேண்டும். ராகினியின் கல்யாணம் வந்தபோது இந்த வழக்கத்தை நிறுத்தலாமா என்று யோசிக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் இடிப்பை எதிர்த்துக் கூட்டம் போட்டு, கோஷம் எழுப்பி, தொண்டை கட்டிப்போன அதே ஆட்கள், திங்கட்கிழமை குளித்து வேட்டி கட்டிக்கொண்டு, பழமும் வெற்றிலையும் குங்குமமும் வைத்த தட்டோடு பஸ் ஏறி அந்த நிறுவனத்தின் இயக்குநர் தினேஷ்வரனைக் கல்யாணத்துக்கு அழைக்கப் போனார்கள். தங்கையாவுக்குத் தொண்டை கட்டியிருந்ததால் கமலவேணிதான் பேசினார். தினேஷ்வரன் நகரத்தில் பிறந்தவர், நாற்பத்தைந்து வயதுக்காரர், முறை தெரிந்தவர். எழுந்து நின்று குங்குமம் இட்டுக்கொண்டு, கண்டிப்பா வர்றேன்மா என்றார். சொன்னபடியே வந்தார். எல்லாரும் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

கூடாரம் இறங்காத முதல் சில வாரங்கள் வேடிக்கை பார்க்கச் சுற்றுவட்டாரத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள், பிறகு வருவது குறைந்தது. கூடாரமும் யாருக்கும் தொந்தரவு தரவில்லை. பள்ளி வேன் வந்தால் உயர்ந்து வழிவிட்டது. குப்பை லாரிக்கு இன்னும் கொஞ்சம் உயர்ந்தது, வாடைக்காக இருக்கலாம். கல்யாணக் கூடாரத்தின் கீழே வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பது நன்றாக இல்லை என்று பெண்கள் சொன்னதால், வீட்டுக்கு ஒரு நாளாக மதியம் ஒரு பானை சோறும் சாம்பாரும் வைத்தார்கள். பிள்ளைகள் அங்கேயே பள்ளிப்பாடம் எழுதினார்கள். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கதவைச் சாத்திப் பழகியவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். இரண்டு வீடுகளுக்கு நடுவே கோழியால் வந்த பழைய வழக்கு ஒன்று சாம்பார் பரிமாறும்போது முடிந்தது.

கைருதீனுக்கு மட்டும் நிம்மதி இல்லை. அது அவரிடமிருந்த கூடாரங்களிலேயே பெரியது. உம்பாயில் ஒரு கல்யாண விருந்துக்கு அதைத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். கடைசியில் மூன்று சின்னக் கூடாரங்களை ஒட்டுப்போட்டு அனுப்பி, மழை ஒட்டுகள் வழியாக இறங்கி, பெண் வீட்டாரிடம் ஏச்சு வாங்கினார். வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து லாரியோடு வருவார், குஞ்சத்தைப் பிடித்து ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார், ஒரு தே தாரேக் தேநீர் குடித்துவிட்டுப் போவார்.

நவம்பரில் லயங்களை இடிக்க நிறுவனத்தின் மண்வாரி வந்தது. நீளமான லாரியின் முதுகில் ஏறி வந்த அந்த இயந்திரத்தைக் கண்டதும் தோட்டமே வாசலுக்கு வந்து நின்றது. லாரி கூடாரத்தை நெருங்கியது. கூடாரம் உயரவில்லை. மெல்ல இறங்கி, லாரியின் முகத்தின்மேல், தூங்குகிற பிள்ளைக்குப் போர்வை போடுவதுபோல் படிந்தது. லாரி நின்றுவிட்டது. ஓட்டுநர் துணியை விலக்கிக்கொண்டு வியர்த்து இறங்கினார். கூடாரத்துக்குக் கீழே ஓர் ஆள் நின்றால் என்ன கேட்க வேண்டுமோ அதைத்தான் கமலவேணி மலாயில் கேட்டார்.

"சுடா மக்கான்?"

ஓட்டுநர் சாப்பிடவில்லை என்றார். சாப்பிட்டார். பாயாசமும் குடித்தார். பெஞ்சில் படுத்து ஒரு தூக்கம் போட்டு எழுந்து, லாரியைப் பின்னோக்கியே ஓட்டிக்கொண்டு போனார். மறுநாள் வேறு ஓட்டுநர் வந்தார், அவரும் சாப்பிட்டார். நிறுவனம் குத்தகைக்காரரை மாற்றிப் பார்த்தது. புதிய குத்தகைக்காரரின் ஆட்கள் மதியத்துக்குக் கொஞ்சம் முன்னதாகக் கிளம்பி வரக் கற்றுக்கொண்டார்கள். கத்தியால் கிழித்துப் பார்த்தபோது கிழிந்தது, ஆனால் கிழித்தவர் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் சேர்ந்துவிட்டது. செம்பனைக்குள் மாற்றுப் பாதை போட்டார்கள். அந்தப் பாதையின் முடிவில் லாரி லயத்தை எட்டியபோது, கூடாரம் அந்தப் பக்கமாகச் சற்று நகர்ந்து உட்கார்ந்திருந்தது.

மர்மத்தை உடைத்தவர் கைருதீன்தான். 2023 தைப்பூசம் கழிந்த ஒரு வெள்ளிக்கிழமை தேநீர்க் குவளையை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"முப்பது வருசமா கூடாரம் போடுறேன்லா. பந்தி முடியாம கூடாரத்தப் பிரிக்கிறதில்ல, அதுதான் எங்க தொழில்ல முறை. நாம பிரிச்சிட்டோம். அதுக்குப் பிடிக்கல. அழைச்ச ஆளு யாரோ இன்னும் சாப்பிடல."

"எல்லாரும் சாப்பிட்டாங்க பாய். பானையில ஒட்டினதக்கூடச் சொரண்டியாச்சு," என்றார் கமலவேணி.

உடனே கோயில் மண்டபத்துத் தொலைக்காட்சியில் கல்யாண வீடியோவைப் போட்டார்கள். நான்கு மணி நேர வீடியோ. அழைத்தவர்களின் பெயரை ஒருவர் சொல்ல, அவர் இலையில் கை வைக்கும் காட்சி வரும்வரை மற்றவர்கள் பார்த்தார்கள். தங்கையா முதல் பந்தியில் இருந்தார். இரண்டாம் பந்தியிலும் இருந்தார். மூன்றாம் பந்தியில் வேறு சட்டையில் இருந்தார்.

"அது என் தம்பிலா," என்றார் தங்கையா. அவருக்குத் தம்பி கிடையாது.

கடைசியில் தினேஷ்வரன் வந்தார். மணமக்களை வாழ்த்தினார், படத்துக்கு நின்றார், பந்திப் பக்கம் கூப்பிட்ட கமலவேணியிடம் கையெடுத்துக் கும்பிட்டு, இன்னொரு ஃபங்ஷன் இருக்கும்மா என்று சொன்னது வீடியோவிலேயே கேட்டது. ஒரு தண்ணீர்ப் போத்தலை மட்டும் வாங்கிக்கொண்டு காரில் ஏறினார். அவர் உடற்பயிற்சிக்கூடத்து ஆசானின் சொல்லைக் கேட்டு நான்கு வருடமாகச் சோறு தொடுவதில்லை என்பது பிற்பாடு தெரியவந்தது. மண்டபத்தில் பெரிய சத்தம் எழுந்தது. நான் சொல்லல? என்று கைருதீன் தொடையில் தட்டினார். அதே சமயம் மஃரிப் தொழுகை நேரம் ஆகிவிட்டதால் லாரியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் போன பிறகுதான் மற்ற பாதி எல்லாருக்கும் புரிந்தது. அந்த ஆள் சாப்பிடாதவரை கூடாரம் இருக்கும். கூடாரம் இருக்கிறவரை மண்வாரி வராது. இந்த விஷயம் தோட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று எல்லாரும் கோயில் கற்பூரத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள், தொட்டிலில் இருந்த குழந்தையின் கையைக்கூடக் காட்டினார்கள். கைருதீனை யாரும் நினைக்கவில்லை.

கைருதீனின் பக்கம் தவறு இல்லை என்றே தோட்டத்தில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அவருக்குத் தெரிந்தது பாதிதான். திங்கட்கிழமை காலையில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு நேராக நிறுவனத்துக்குப் போய், சார் வந்து ஒரு வாய் சாப்பிட்டால் என் கூடாரம் எனக்குக் கிடைத்துவிடும் என்று விண்ணப்பித்துக்கொண்டார். தினேஷ்வரன் முதலில் சிரித்தார். பிறகு மேசையில் கிடந்த பொறியாளர்களின் அறிக்கைகளைப் பார்த்தார். கூடாரம் ஏன் நிற்கிறது என்பதற்கு அவற்றில் இருந்த காரணங்களைவிட இது தெளிவாக இருந்தது. சோதனைக்காகத் தன் உதவியாளரை அனுப்பிச் சாப்பிட வைத்தார். உதவியாளர் இரண்டு தடவை சோறு வாங்கினார், கூடாரம் அசையவில்லை. தானே போவது என்று முடிவானது. ராகினிக்கு அப்போது ஆறாம் மாதம். சிம்பாங் அம்பாட்டில் கணவன் வீட்டில் இருந்த அவள் அம்மாவைப் பார்க்க வந்திருந்தாள்.

வியாழக்கிழமை மதியம் தினேஷ்வரன் வந்தார். அவருடைய காருக்குப் பின்னால், சாலை முனையில், மூன்று மண்வாரிகள் வரிசையாக நின்றன. அவர் மட்டும் நடந்து வந்து, கூடாரத்தின் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சாப்பிட வந்திருக்கேம்மா."

அன்று சமையல் முறை கமலவேணியுடையது. தங்கையா அவர் காதருகே போய், இன்னைக்குச் சமைக்கலன்னு சொல்லிடு ஆயி, என்றார்.

"முருங்கக்கா சாம்பார் வாசம் மெயின் ரோடு வரைக்கும் போவுது மாமா. எந்த வாயால சொல்லச் சொல்றீங்க?"

"அப்ப உப்ப அள்ளிப் போட்டுரு."

"என் சாம்பார்லயா?" என்று கமலவேணி பார்த்த பார்வையில் கோயில் தலைவர் இரண்டடி பின்னால் போனார்.

பசி என்று வந்தவரைத் திருப்பி அனுப்ப அந்த இரண்டு லயத்திலும் ஆள் இல்லை. சாப்பாடு போட்டால் லயங்களே இருக்காது என்பதும் அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். கமலவேணி இலையை விரித்தார். தண்ணீர் தெளித்தார். உப்பு, ஊறுகாய், கத்தரிக்காய்க் கூட்டு, அப்பளம், பிறகு சோறு, சோற்றில் குழி பறித்துச் சாம்பார். எதையும் குறைக்கவில்லை. நெய்யைக்கூடக் கல்யாணத்தன்று விட்ட அளவுக்கே விட்டார். லாரியோடு வந்திருந்த கைருதீனுக்கு அப்போதுதான் யாரோ மீதிப் பாதியைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தூணோடு தூணாக நின்றார்.

"பாய், உங்களுக்குக் கூடாரம் கெடைச்சிரும்," என்றார் கமலவேணி, அவர் முகத்தைப் பார்க்காமல். "மடிச்சி வைங்க. நாளைக்கு நாங்க ஒக்கார எடம் இருக்காது."

"எனக்குத் தெரியாதும்மா. அல்லா மேல ஆணையா எனக்கு வேணாம்லா அது," என்றார் கைருதீன்.

தினேஷ்வரன் முதல் கவளத்தை வாயில் வைத்தார். நான்கு வருடம் கழித்து உள்ளே போன சோறு அது. கண்ணை மூடிக்கொண்டார். கூடாரம் ஒரு சாண் இறங்கியது. அவர் இரண்டாம் தடவை சோறு கேட்டார், கூடாரம் இன்னும் இறங்கியது. ரசத்துக்கு வந்தபோது நின்றவர்களின் தலையில் துணி இடித்ததால் எல்லாரும் உட்கார வேண்டியிருந்தது. மோருக்கு வந்தபோது உட்கார்ந்தவர்களும் குனிந்தார்கள். பிள்ளைகள் மட்டும் சிரித்தார்கள். சாலை முனையில் ஒரு மண்வாரியின் எஞ்சின் கிளம்பும் சத்தம் கேட்டது. தினேஷ்வரன் பாயாசத்தை வழித்துக் குடித்தார், இலையைத் தன் பக்கமாக மடித்தார், குனிந்தபடியே போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

கமலவேணி தவழாத குறையாக வீட்டுக்குள் போய் ஒரு தட்டோடு வந்தார். பழம், வெற்றிலை, மஞ்சள், குங்குமம். பின்னால் ராகினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"வந்ததே வந்துட்டீங்க சார். அடுத்த மாசம் இவளுக்கு வளகாப்பு. மொத தட்டு ஒங்களுக்குத்தான் வரணும், நாங்களே டவுனுக்கு வரணும்னு இருந்தோம். அலைச்சல் மிச்சம்."

கமலவேணி இதை யோசித்துச் செய்தாரா, இல்லை முறை என்று செய்தாரா என்பதில் தோட்டம் இரண்டாக நிற்கிறது. கேட்டால் அவர், வளகாப்பு இருந்துச்சு, கூப்பிட்டேன், என்று மட்டும் சொல்கிறார். தினேஷ்வரன் யோசிக்கவில்லை என்பது மட்டும் உறுதி. வயிறு நிறைந்திருந்தது, எதிரில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் நின்றாள், அவர் அம்மா சிறுவயதில் பழக்கிய விரல் தானாகப் போய்க் குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்தது. உடனே கூடாரம் உதறிப் போட்ட வேட்டியைப்போல் படாரென்று விரிந்து மேலே போனது. பழைய உயரத்தையும் தாண்டிப் போய், கொஞ்சம் யோசித்து, இறங்கி, தன் இடத்தில் நின்றது. குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

முதலில் சுதாரித்தவர் தங்கையா. அந்த வயதில் அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. பேரனின் காதுகுத்துக்குத் தட்டோடு வந்தார். அதற்குள் மற்ற வீடுகளிலும் தட்டுகளைத் தேடும் சத்தம் எழுந்தது. எவர்சில்வர் தட்டு இல்லாதவர்கள் பிளாஸ்டிக் தட்டைக் கழுவினார்கள். ஒரு வீட்டில் பூப்புனித நீராட்டு, பெண்ணுக்கு இன்னும் எட்டு வயதுதான், அது பரவாயில்லை என்றார்கள். ஒருவர் புது மோட்டார் சைக்கிள் பூசைக்கு அழைத்தார். கோழிக்கூண்டுக்குப் பால் காய்ச்சும் விழா ஒன்று இருந்தது.

"எல்லாத்துக்கும் வரணுமா?" என்று கேட்டார் தினேஷ்வரன். நெற்றி முழுக்கச் சிவந்திருந்தது.

"வராம எப்படி சார்? குங்குமம் வெச்சிட்டீங்களே," என்றார் கமலவேணி.

"எல்லாம் முடிஞ்ச பெறகு?"

"அதுக்குள்ள ராகினி பொண்ணுக்குக் கல்யாணம் வந்துரும்லா," என்றார் தங்கையா.

தினேஷ்வரன் வைத்த குங்குமத்தை அழிக்கிற ஆள் இல்லை. மண்வாரிகளைத் திருப்பி அனுப்பினார். நிறுவனத்துக் கூட்டத்தில், அந்த இடத்தில் நீரோட்டம் சரியில்லை என்று ஒரு காரணம் சொல்லப்பட்டது. முந்நூறு வீடுகளும் செயற்கை ஏரியும் சில மைல் தள்ளி, யாரும் குடியில்லாத மேட்டில் எழும்பின. ஏரியில் இன்னும் தண்ணீர் நிற்கவில்லை என்று கேள்வி.

வளைகாப்புக்கு அவர் வந்து எலுமிச்சம் சாதம் சாப்பிட்டார், கூடாரம் தொட்டுக்கொள்வதுபோல் கொஞ்சம் இறங்கி, காதுகுத்தை நினைத்து உயர்ந்தது. கோழிக்கூண்டுக்கும் வந்தார். ராகினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. உடற்பயிற்சிக்கூடத்து ஆசான் தினேஷ்வரனைக் கைவிட்டுவிட்டார். கடந்த ஒரு வருடமாகத் தினேஷ்வரன் காலையிலேயே வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, இரண்டாம் பந்திக்குச் சாம்பார் வாளி தூக்குகிறார். அவசரத்தில் இலைக்கு வெளியே ஊற்றுகிறார் என்று கமலவேணி குறைப்பட்டுக்கொள்கிறார். கைருதீன் வேறு பெரிய கூடாரம் வாங்கிவிட்டார். பழக்கத்தை விட முடியாமல் வெள்ளிக்கிழமைதோறும் வந்து குஞ்சத்தைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துவிட்டுத்தான் தே தாரேக் கேட்கிறார். அஞ்சல்காரர் கடிதங்களைக் கூடாரத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிக்கிறார். போன வாரக் காற்றில் வடக்கு ஓரத்தில் ஒரு தையல் விட்டது. வெட்டினால் தானே சேர்ந்துகொள்ளும் கூடாரம், தையல் விட்டதற்கு மட்டும் ஆள் வரட்டும் என்று காத்திருந்தது. கைருதீன் ஏணி போட்டுத் தைத்தார். வரும் ஞாயிறு தங்கையாவின் பேத்திக்குப் பெயர் வைக்கிறார்கள், முதல் தட்டு தினேஷ்வரனுக்குப் போய்விட்டது.